கடனையும் எண்ணாக்கிய பிரம்மகுப்தர்



சென்ற ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் நம் வளாகத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்த நாள் சிலருக்கு நினைவிருக்கலாம். லிஃப்ட் ஓடாததால் நான் கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் நம் வளாகத்துப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழுக்களின் பெருக்கல், வகுத்தல் பாடம். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் எப்படி வரும், இரண்டு குறைகள் சேர்ந்து நிறைவாகுமா என்று கேட்டாள்.

நான் பி.காம். படித்தவன். 34 வருடம் வங்கியில் பற்றும் வரவும் எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் என் வாயில் சட்டென்று வந்த பதில், அது விதி, மனப்பாடம் செய்துகொள் என்பதுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டை மூடிவிட்டாள். அதன் பிறகு ஒரு மாதம் என்னிடம் கணக்குக் கேட்டு வரவில்லை.

அந்த மூடிய நோட்டு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இந்த விதியை முதலில் எழுதியது யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் கொண்டுபோய் விட்ட இடம் ராஜஸ்தானில் ஒரு பழைய ஊர். ஆள், பிரம்மகுப்தர். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

பில்லமாலத்துக்காரர்

இன்றைய ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில், குஜராத் எல்லைப் பக்கமாக பீன்மால் என்ற ஊர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அதன் பெயர் பில்லமாலம். ஸ்ரீமாலம் என்றும் சொல்வார்கள். கூர்ஜர நாட்டின் தலைநகராக அது இருந்தது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தம் பயணக் குறிப்பில் சொல்லும் கூர்ஜரத் தலைநகர் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சமஸ்கிருதக் கவிஞர் மாகரும் இந்த ஊர்க்காரர்தான். வாணிகமும் வித்தையும் சேர்ந்து வளர்ந்த ஊர்.

பிரம்மகுப்தரின் தகப்பனார் பெயர் ஜிஷ்ணு. பழைய காலத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த வருடம் தெரியாது. இவருக்குத் தெரியும். காரணம், தம் நூலை எழுதியபோது சக ஆண்டு 550 என்றும், தமக்கு வயது 30 என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். சக ஆண்டு 550 என்றால் கி.பி. 628. அதிலிருந்து 30-ஐக் கழித்தால் 598. பாஸ்புக்கில் தேதி போட்டு வைப்பதைப் போல அவர் போட்டு வைத்த அந்த ஒரு பதிவால்தான், வருகிற 2028-ல் அவருடைய நூலுக்கு 1400 வயது நிறைகிறது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

அப்போது அங்கே ஆண்டவர் வியாக்ரமுகர் என்ற அரசர். சாப வம்சத்தவர். இங்கே சாபம் என்றால் வில் என்று பொருள், பயப்பட வேண்டாம். பிரம்மகுப்தரின் வீடு வாசல், மனைவி மக்கள் பற்றியெல்லாம் அவர் நூலில் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய குணம் நூலில் நன்றாகவே தெரிகிறது.

முப்பது வயதுக் கோபம்

அவர் எழுதிய நூல் பிரம்மஸ்புட சித்தாந்தம். பிரம்ம சித்தாந்தம் என்ற பழைய வானியல் முறையைத் திருத்தி, நேர்ப்படுத்திச் சொன்னது என்று பொருள் கொள்ளலாம். 24 அத்தியாயம், 1008 செய்யுள். அடிப்படையில் அது ஒரு வானியல் நூல். கிரகங்கள் எங்கே இருக்கும், கிரகணம் எப்போது பிடிக்கும் என்று கணக்கிடுவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய கணிதம் என்றுதான் 12-ஆம் அத்தியாயமும் 18-ஆம் அத்தியாயமும் வருகின்றன. இன்றைக்கு உலகம் அவரை நினைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு அத்தியாயங்களுக்காக.

நடுவில் 11-ஆவது அத்தியாயம் முழுக்க அவர் சண்டைதான் போட்டிருக்கிறார். முன்னால் எழுதியவர்களின் தவறுகளை வரிசையாக எடுத்து வைக்கிறார். அதில் அதிகமாக அடி வாங்கியவர் ஆரியபட்டர். ஆரியபட்டர் 499-ல், தம் 23-ஆவது வயதை ஒட்டிய கணக்கைத் தம் நூலில் தந்தவர். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்றவர். பிரம்மகுப்தர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூமி சுற்றினால் உயரத்தில் இருப்பவை ஏன் விழவில்லை என்ற ரீதியில் மறுத்தார். அந்த வழக்கில் ஜெயித்தவர் ஆரியபட்டர்தான் என்பது இன்று நம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கெட்டிக்காரப் பையன் பழைய சீனியர்களின் லெட்ஜரைப் புரட்டித் தப்புத் தப்பாகச் சொல்லிக் காட்டுவானே, அந்த வேகம் அவரிடம் இருந்தது. சிலது சரி, சிலது தப்பு.

தனமும் ருணமும்

இனி 18-ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். இங்கேதான் அந்தப் பெண் கேட்ட கேள்வி இருக்கிறது.

மிகை எண்ணுக்கு பிரம்மகுப்தர் வைத்த பெயர் தனம். குறை எண்ணுக்கு ருணம். தனம் என்றால் செல்வம், ருணம் என்றால் கடன். நமக்கு இரண்டும் புதிய சொற்கள் அல்ல. ருண விமோசனம் என்று கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். போன ஜென்மத்துக் கடன் தொடர்வதை ருணானுபந்தம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ருணத்தைத்தான் அவர் எண்ணாக எடுத்துக்கொண்டார்.

கடனை எழுதி வைப்பது அவருக்கு முன்பே எல்லா நாட்டிலும் இருந்தது. சீனாவில் குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போட்டார்கள். மிகைக்குச் சிவப்புக் குச்சி, குறைக்குக் கறுப்புக் குச்சி. நாம் வங்கியில் பற்று மீதிக்குச் சிவப்பு மை போட்டதற்கு நேர் எதிர். அவர்களிடம் இந்தக் குச்சிகளைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் இருந்தன. கிரேக்க மொழியில் எழுதிய டயோஃபாண்டஸ், கழிக்க வேண்டிய ஒன்றைக் கழிக்க வேண்டிய இன்னொன்றால் பெருக்கினால் கூட்ட வேண்டியதாகும் என்று தெரிந்து வைத்திருந்தார். ஆனால் ஒரு கணக்கின் விடையே குறை எண்ணாக வந்தால், அது அபத்தம் என்று தள்ளிவிட்டார்.

பிரம்மகுப்தர் தள்ளவில்லை. தனம், ருணம், பூச்சியம் மூன்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம் என்று எல்லாவற்றுக்கும் விதி எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இப்படி மூன்றையும் சேர்த்து முழுசாகச் சொன்ன முதல் நூல் இதுதான்.

பெருக்கலுக்கு அவர் சொன்னதன் சாரம் இது. தனத்தைத் தனத்தால் பெருக்கினால் தனம். ருணத்தை ருணத்தால் பெருக்கினாலும் தனம். ஒன்று தனம், ஒன்று ருணம் என்றால் விடை ருணம். எதைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம். வகுத்தலுக்கும் இதே குறி விதிதான். இரண்டும் ஒரே ஜாதி என்றால் தனம், வேறு வேறு என்றால் ருணம்.

சில செய்யுள்கள், அவ்வளவுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்து நூல்களின் பழக்கம் அது. விதியைச் செய்யுளில் சுருக்கிக் கொடுப்பார்கள், மாணவன் அதை மனப்பாடம் செய்வான். காரணத்தைச் சொல்லி, உதாரணம் போட்டுக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் ஆசிரியரின் வேலை. இவருக்கும் ஒன்பதாம் நூற்றாண்டில் பிருதூதக சுவாமி என்ற உரையாசிரியர் வாய்த்தார். பில்லமாலத்து ஆசிரியர் என்ற பெயரால் பிரம்மகுப்தரைக் குறிப்பிட்டவர் அவர்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்னது செய்யுளை மட்டும்தான். உரையைச் சொல்ல வேண்டியவன் நான்தான், சொல்லவில்லை.

அந்த உரை, ஒரு பாஸ்புக்கில்

ஆகவே இப்போது சொல்கிறேன். உங்கள் சேமிப்புக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதம், மாதா மாதம் 300 ரூபாய் பற்று. மொத்த விளைவு 4 × (−300) = −1,200. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்து, உங்களுக்கு வந்த 300 ரூபாய் வரவுகள் நாலு தவறு என்று ரத்து செய்யப்படுகின்றன. நாலு வரவு போயிற்று. (−4) × 300 = −1,200. இதுவும் சரி.

இப்போது, கட்டணம் என்று 50 ரூபாயைத் தவறுதலாக மூன்று முறை பற்று வைத்துவிட்டார்கள். நீங்கள் போய்க் கேட்கிறீர்கள். மூன்று பற்றையும் ரத்து செய்கிறார்கள். பற்று என்பது குறை, அதாவது −50. ரத்து செய்வதும் குறைதான், மூன்றை எடுத்துவிடுகிறோம், அதாவது −3. (−3) × (−50) = +150. உங்கள் கணக்கில் 150 ரூபாய் ஏறுகிறது. வங்கியில் இதற்கு ரிவர்சல் என்ட்ரி என்று பெயர். ஆயிரக்கணக்கில் நானே போட்டிருக்கிறேன். போடும்போது அது ஏழாம் வகுப்பு விதி என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பணம் வேண்டாம், வெறும் எண்ணிலேயே காட்டுங்கள் என்பவர்களுக்கு இன்னொரு வழி. 98-ஐ 97-ஆல் பெருக்க வேண்டும். 98 என்பது 100 − 2. 97 என்பது 100 − 3. நாலு பெருக்கல் வரும். 100 × 100 = 10,000. 100 × (−3) = −300. (−2) × 100 = −200. இதுவரை கூட்டினால் 9,500. மிச்சம் இருப்பது (−2) × (−3). அது −6 என்றால் விடை 9,494. +6 என்றால் 9,506. நேராகப் பெருக்கிப் பாருங்கள், 98 × 97 = 9,506. ஆக, அது +6-ஆகத்தான் இருந்தாக வேண்டும். வேறு எதை வைத்தாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு உடைந்துபோகும். பெருக்கும் எண்ணோடு வசதியான ஓர் எண்ணைக் கூட்டியோ கழித்தோ பெருக்கிவிட்டு, பிறகு சரிசெய்யும் முறையை பிரம்மகுப்தரே தம் 12-ஆம் அத்தியாயத்தில் பெருக்கல் வழிகளில் ஒன்றாகச் சொல்கிறார். அதைத்தான் இங்கே இரண்டு பக்கமும் செய்தோம்.

வகுத்தலும் இப்படியே. நாலு சகோதரர்கள் 1,200 ரூபாய் குடும்பக் கடனைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 300 கடன். (−1,200) ÷ 4 = −300. அந்த 1,200 ரூபாய் கடனில் 300 ரூபாய் கடன்கள் எத்தனை அடங்கும்? நாலு. (−1,200) ÷ (−300) = 4. கடனைக் கடனால் வகுத்தால் வருவது கடன் அல்ல, எண்ணிக்கை. 300 ரூபாய் பற்றுகளைக் கொண்டு 1,200 ரூபாய் ஏற வேண்டுமென்றால்? நாலு பற்றை ரத்து செய்ய வேண்டும். 1,200 ÷ (−300) = −4.

குறி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது, 1984. கம்ப்யூட்டர் கிடையாது. சேமிப்புக் கணக்குப் பேரேடுகளின் மீதிகளையெல்லாம் கையால் கூட்டி, பொதுப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்கும் பேலன்சிங் வேலை. 3,740 ரூபாய் இடித்தது. இரவு எட்டரை வரை தேடினோம். ஒரு சீனியர் அண்ணன் வந்து, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடச் சொன்னார். பாதி 1,870. பக்கத்தைப் புரட்டினால், ரத்து செய்ய வேண்டிய 1,870 ரூபாய் பற்றை நானே மறுபடியும் பற்றாக எழுதியிருந்தேன். +1,870 வர வேண்டிய இடத்தில் −1,870. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1,870 − (−1,870) = 3,740. கடனைக் கழித்தால் அது கூட்டலாகும் என்ற பிரம்மகுப்தரின் கழித்தல் விதியைத்தான் அன்றைக்கு எட்டரை மணிக்குப் பசியோடு நான் கற்றுக்கொண்டேன். பெயர் மட்டும் தெரியாது.

பெரியவரும் சறுக்கிய இடம்

பூச்சியத்தால் வகுக்கும் இடத்தில் மட்டும் அவர் தடுமாறினார். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால், பூச்சியத்தைக் கீழே வைத்த பின்னமாக அதை அப்படியே விட்டுவிட்டார். மதிப்பு சொல்லவில்லை. ஆனால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதிவிட்டார்.

இது ஏன் சரியில்லை? வகுத்தலின் விடையைப் பெருக்கித்தான் சரிபார்க்கிறோம். 12 ÷ 4 = 3, ஏனென்றால் 4 × 3 = 12. பூச்சியத்தில் இதைச் செய்தால் 0 × 0 = 0 சரி, 0 × 7 = 0 அதுவும் சரி, 0 × 1,000 = 0 அதுவும் சரி. எந்த விடை சொன்னாலும் பாஸ் ஆகிவிடும். எல்லாச் சாவிக்கும் திறக்கிற பூட்டு பூட்டே இல்லை. அதனால்தான் இன்று பூச்சியத்தால் வகுப்பதைக் கணிதத்தில் அனுமதிப்பதில்லை. ஐந்நூறு வருடம் கழித்து 1150 வாக்கில் இரண்டாம் பாஸ்கரர் இதே இடத்துக்கு வந்து, ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் முடிவில்லாதது என்று சொல்லிப் பார்த்தார். அதுவும் முழுத் தீர்வு இல்லை. ஆனால் அந்தக் கதவைத் தட்டத் துணிந்த முதல் ஆள் பிரம்மகுப்தர். தட்டாமல் இருந்திருந்தால் தப்பும் நேர்ந்திருக்காது, விதியும் பிறந்திருக்காது.

வட்டிக் கணக்கும் 92-ஆம் கணக்கும்

12-ஆம் அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வட்டிக் கணக்கு. பிருதூதகர் உரையில் தரும் உதாரணம் ஒன்று. ஒருவர் 500 திரம்மம் கடன் கொடுக்கிறார். திரம்மம் என்பது அக்காலத்து நாணயம். நாலு மாதத்தில் வந்த வட்டியை அப்படியே வேறொருவருக்கு அதே வட்டி விகிதத்தில் பத்து மாதம் கொடுக்கிறார். அந்த வட்டியும், வட்டிக்கு வட்டியும் சேர்ந்து 78 ஆகிறது. முதலில் வந்த வட்டி எவ்வளவு?

விடை 60. சரிபார்க்கலாம். 500-க்கு நாலு மாதத்தில் 60 என்றால் மாதம் 15, அதாவது நூற்றுக்கு 3. 60-க்குப் பத்து மாத வட்டி 18. 60 + 18 = 78. இதைப் போடப் பள்ளியில் நாம் படித்த இருபடிச் சமன்பாடு வேண்டும். அதே சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் உண்டு, −260. வட்டிக்காரருக்கு அது உதவாது. ஆனால் குறை எண்களுக்குக் கணக்கில் இடம் கொடுத்துவிட்டால், அதுவும் ஒரு விடை என்று நிற்கும்.

இன்னொன்று, கணித உலகம் இன்றும் வியக்கும் கணக்கு. ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 92-ஆல் பெருக்கி 1 கூட்டினால், வருவதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் எவை? ஒரு வருடத்துக்குள் இதைப் போடுபவன்தான் கணக்குத் தெரிந்தவன் என்று சவால் விட்டார். அவர் வழியில் கிடைக்கும் விடை 120-ம் 1,151-ம். 120-ன் வர்க்கம் 14,400. 92-ஆல் பெருக்கினால் 13,24,800. ஒன்று கூட்டினால் 13,24,801. அது 1,151-ன் வர்க்கம். கால்குலேட்டர் உள்ளவர்கள் போட்டுப் பாருங்கள்.

அறுபத்தேழு வயதில்

அவருடைய இரண்டாவது நூல் 665-ஐத் தொடக்கமாகக் கொண்டு எழுதியது. வயது 67. பெயர் கண்டகாத்யகம், கற்கண்டுத் தின்பண்டம் என்று பொருள் சொல்லலாம். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்த ஏதுவான கைநூல் இது.

இதில் நான் எதிர்பாராதது ஒன்று இருந்தது. கல்யாணம், ஜாதகம் போன்ற அன்றாடத் தேவைக்கு ஆரியபட்டரின் நூலை வைத்துக் கணக்கிடுவது சிரமம். அதனால் அவருடைய நூல் தரும் விடைகளையே எளிதில் தரும் நூலை எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். முப்பது வயதில் அத்தியாயம் முழுக்கத் திட்டிய அதே ஆரியபட்டர்! பிற்பகுதியில் தம் திருத்தங்களையும் சேர்த்திருக்கிறார், குணம் முழுக்க மாறிவிடவில்லை. ஆனாலும் 37 வருடம் கழித்து, எதிராளியின் கணக்கை எடுத்து எல்லோருக்கும் புரியும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். காரணம் என்ன என்று அவர் எழுதவில்லை. வயதானவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. அந்த வயதில் யார் சொன்னது சரி என்பதைவிட, ஜனங்களுக்கு எது உதவும் என்பது பெரிதாகத் தெரியும்.

அதன் பின் சில ஆண்டுகளில் அவர் காலமாகியிருக்க வேண்டும்.

அவருக்குப் பின்

770-களில் சிந்து நாட்டிலிருந்து போன தூதுக்குழுவோடு இந்திய வானியல் பாக்தாத் நகரத்துக்குப் போயிற்று. கலீஃபா அல் மன்சூர் அதை அரபியில் எழுதச் சொன்னார். பிரம்மகுப்தர் வழி வந்த அந்தக் கணக்குமுறை சிந்துஹிந்த் என்ற பெயரில் அங்கே பரவியது. அல் குவாரிஸ்மி அதை வைத்து வானியல் அட்டவணை போட்டார். ஆனால் அதே அல் குவாரிஸ்மி இயற்கணித நூல் எழுதியபோது ருணத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குறை எண் வராதபடி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துக்கொண்டார்.

பதினொன்றாம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல் பிரூனி, பிரம்மகுப்தரைப் பெரிதும் மதித்தார், கண்டிக்கவும் செய்தார். கிரகணம் நிழலால் ஆவது என்று தெளிவாகத் தெரிந்திருந்தும், ராகு விழுங்குவதாகச் சொல்லும் பழங்கதைக்கு இவர் ஏன் பரிந்து பேசினார் என்பது அவருடைய வருத்தம்.

ஐரோப்பாவில் இந்தக் கடன் எண்களுக்கு உட்கார நாற்காலி கிடைக்க நீண்ட காலம் ஆனது. 1545-ல் கார்டானோ இவற்றைக் கற்பனை எண்கள் என்றார். 1758-லும் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் மாசரெஸ் என்ற வழக்கறிஞர், கணித அறிஞர், இவற்றை இயற்கணிதத்திலிருந்து நீக்க வேண்டும் என்று புத்தகம் எழுதினார். 1770-ல் ஆய்லர் தம் இயற்கணித நூலில் குறை எண்ணை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? கடன். பில்லமாலத்துக்காரர் சொன்ன அதே ருணம். பிரம்மகுப்தரின் கணித அத்தியாயங்கள் ஆங்கிலத்தில் வந்தது அதற்கும் பிறகு, 1817-ல், கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பில்.

நம் நாட்டில் அவருக்கு மரியாதை குறையவில்லை. இரண்டாம் பாஸ்கரர் அவரைக் கணிதர் வட்டத்தின் சூடாமணியாகப் போற்றினார்.

கடைசியாக

இவ்வளவும் படித்த பிறகு, ஒரு அரைத்தாளில் பாஸ்புக் உதாரணத்தையும் 98 × 97 கணக்கையும் எழுதி, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும் என்றும் ஒரு வரி எழுதினேன். மறுநாள் சாயங்காலம் அவளே நோட்டோடு வந்தாள். தாளை நன்றாகப் படித்திருக்கிறாள். 98 × 97-க்குப் பதிலாக 96 × 95 போட்டுக் காட்டினாள், 9,120, சரியான விடை. பிறகு நிதானமாக அடுத்த கேள்வியைக் கேட்டாள். அப்படியானால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் என்ன வரும்?

இந்த முறை நான் விதி என்று சொல்லவில்லை. இந்தக் கேள்வியில் 1400 வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரே சறுக்கியிருக்கிறார், உட்கார், சொல்கிறேன் என்றேன்.

சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஐந்தரைக்கு மேல் அதே வேப்பமரத்தடி பெஞ்சில்தான் இருப்பேன். வேறு பிள்ளைகளும் வரலாம். எனக்குத் தெரியாததைக் கேட்டால், தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரத்துக்குள் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்.